நிலை சேர்ந்த பற்கள் நிலைத்திருக்க

காசியில் பாதி கல்பாத்தி என்பது பாலக்காட்டுப் பகுதியில் வழங்கும் பழமொழி. 15ஆம் நூற்றாண்டில் எழுந்த விசுவநாதசுவாமி கோயிலும், அதை ஒட்டி எதிரெதிர் வரிசையாக நிற்கும் அக்கிரகார வீடுகளும், அருகே ஓடும் கல்பாத்தி ஆறும் ஆண்டின் பெரும்பகுதி அமைதியாகவே இருக்கும். ஐப்பசி மாதக் கடைசியில், அதாவது நவம்பர் நடுவில், அந்த அமைதி கலைந்துவிடும். சென்னையிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழ்பவர்கள், கடல் கடந்து சென்றவர்கள், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் எனப் பலரும் தேர்த் திருவிழாவுக்காக ஊர் வந்து சேர்வர்.

எங்கள் குடும்பத்தில் அந்நாட்களுக்கென ஒரு வழக்கம் உண்டு. முதல் தேரன்று காலையில் அனைவரும் வாசல் திண்ணையில் அமர்ந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு, பழைய படங்களையெல்லாம் ஆண்டு வரிசையில் ஒட்டி ஓர் ஆல்பம் செய்ய அமர்ந்தேன். அப்போதுதான் என் தங்கை மகளின் சிரிப்பு கண்ணில் பட்டது. பன்னிரண்டு வயதில் உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறாள். பதின்மூன்றிலும் பதினான்கிலும் சிரிப்பில் கம்பி மின்னுகிறது. பதினைந்தாம் வயதுப் படத்தில் வாய் நிறைந்த சிரிப்பு. பதினெட்டு வரை அதே சிரிப்பு. பத்தொன்பதில் உதடுகள் மீண்டும் மூடிக்கொண்டன.

அவளையே அழைத்துக் கேட்டேன். "கீழ்ப்பல் மறுபடியும் கோணிண்டு வரது, மாமா" என்றாள்.

என் தங்கைக்கு மனம் ஆறவில்லை. இரண்டு ஆண்டுகள், மாதந்தோறும் கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்று, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பணம் கட்டியவள் அவள். குழந்தையும் இரண்டு தேர்த் திருவிழாக்களுக்கு முறுக்கையும் சீடையையும் தொடாமல் இருந்தாள். "அத்தனையும் வீணா?" என்பதே தங்கையின் கேள்வி. விசாரித்தபோது, கம்பியைக் கழற்றிய அன்று மருத்துவர் கொடுத்த ரிட்டெய்னர் கல்பாத்தி வீட்டு மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. பெண் மட்டும் சென்னை விடுதியில் இருந்தாள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. பிள்ளைகளுக்குப் பல் கம்பி, அல்லது பேச்சு வழக்கில் கிளிப், போடாத தெருவே இன்று அரிது. கம்பியைக் கழற்றும் நாளையே சிகிச்சையின் முடிவு நாளாகப் பெற்றோரும் பிள்ளைகளும் கொண்டாடுகின்றனர். உண்மையில் அன்று சிகிச்சையின் முதற்பாதிதான் முடிகிறது. தக்கவைத்தல் என்னும் மறுபாதி அன்று தொடங்குகிறது. அந்த மறுபாதி ஏன் தேவை, எவ்வளவு காலம் தேவை, அதைக் கைவிட்டவர் என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பல் எலும்பில் ஊன்றிய தூண் அன்று

பல்லை நாம் எலும்பில் ஊன்றிய தூணாக எண்ணுகிறோம். ஆனால் பல்லின் வேர் எலும்பை நேரடியாகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய இடைவெளி உண்டு. அதில் நுண்ணிய இழைகள் நிறைந்து, வேரை எலும்போடு பிணைக்கின்றன. பல் உண்மையில் ஓர் ஊஞ்சலைப் போலத் தன் குழியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாம் மெல்லும்போது ஏற்படும் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்வது இந்த இழைகளே.

பல் கம்பி வேலை செய்வதும் இந்த இடைவெளியில்தான். கம்பி ஒரு பல்லை ஒரு பக்கம் மெல்லத் தள்ளும்போது, அந்தப் பக்கத்து இழைகள் நசுங்குகின்றன. மறுபக்கத்து இழைகள் நீள்கின்றன. நசுங்கிய பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும், நீண்ட பக்கத்தில் எலும்பைப் படைக்கும் உயிரணுக்களும் பணி தொடங்குகின்றன. முன்னே எலும்பு வழிவிட, பின்னே புதிய எலும்பு நிரம்ப, பல் தன் குழியோடு சேர்ந்தே இடம் பெயர்கிறது. மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் என்பது பொதுவான வேகம். சிகிச்சை ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் நீள்வதற்குக் காரணம் இதுவே.

பல்லை நகர்த்த உதவும் இந்த ஏற்பாடு, கம்பியைக் கழற்றியதும் நின்றுபோவதில்லை. எலும்பு கரைவதும் வளர்வதும் வாழ்நாள் முழுவதும் நடக்கின்றன. மெல்லிய அழுத்தம் தொடர்ந்து எந்தத் திசையிலிருந்து வந்தாலும், அது கம்பியிலிருந்து வந்தாலும் நாக்கிலிருந்து வந்தாலும், பல் அதற்கு இணங்கிக்கொடுக்கும்.

பழைய இடத்தை மறவாத இழைகள்

கம்பியைக் கழற்றிய பின் பற்கள் பழைய இடத்தை நோக்கித் திரும்புவதற்குப் பல காரணங்கள் உள்ளன. முதலாவது, ஈறு. எலும்புக்குள் உள்ள இழைகள் மூன்று, நான்கு மாதங்களில் புதிய நிலைக்கு ஏற்பத் தம்மைத் திருத்தி அமைத்துக்கொள்கின்றன. ஈற்றில் உள்ள இழைகளுக்கு நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். எலும்பு விளிம்புக்கு மேலே பல்லின் கழுத்தைச் சுற்றியுள்ள மீள்தன்மை கொண்ட இழைகளோ ஓராண்டுக்கு மேலும் இழுபட்ட நிலையிலேயே இருக்கக்கூடும். முறுக்கிய ரப்பர் நாடாவைப் போல அவை பல்லைப் பழைய கோணத்துக்குத் திருப்பப் பார்க்கும். திரும்பியிருந்து நேராக்கப்பட்ட பற்கள் எளிதில் மீண்டும் திரும்புவது இதனால்தான். நார்வே நாட்டு ஆய்வாளர் காரே ரைட்டன் 1960களில் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து இதை விளக்கினார்.

இரண்டாவது காரணம், வாயின் தசைகள். பல் வரிசைக்கு உள்ளே நாக்கும் வெளியே உதடும் கன்னமும் இடைவிடாமல் அழுத்தம் தருகின்றன. இவ்விரு பக்கத்து அழுத்தங்களும் சமன்படும் இடத்தில்தான் பல் அமைதியாக நிற்கும். நாக்கை முன்னே தள்ளி விழுங்கும் பழக்கம், கட்டைவிரல் சூப்புதல், வாயால் மூச்சுவிடுதல் ஆகியவை நீடித்தால் அந்தச் சமநிலை கெடும்.

மூன்றாவது காரணம், தாடை வளர்ச்சி. பதினான்கு, பதினைந்து வயதில் சிகிச்சை முடிந்தாலும் கீழ்த்தாடை அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் வளரும். ஆண் பிள்ளைகளிடம் இது நீண்ட காலம் தொடரும். அவ்வளர்ச்சிக்கு ஏற்பப் பற்களும் சிறிது இடம் மாறும்.

இவற்றோடு ஈறு நோயும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். பல்லைத் தாங்கும் எலும்பு குறையக் குறைய, சிறு அழுத்தமும் பல்லை நகர்த்திவிடும்.

சியாட்டில் நகரம் கண்ட உண்மை

முன்னாளில் பல் சீரமைப்பு நிபுணர்கள், ஓரிரு ஆண்டுகள் ரிட்டெய்னர் அணிந்தால் பற்கள் நிலைத்துவிடும் என்றே நம்பினர். அந்த நம்பிக்கையைச் சோதித்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம். அங்கே ரிச்சர்டு ரீடல், ராபர்ட் லிட்டில் ஆகிய பேராசிரியர்களும் அவர்களுடைய குழுவினரும், சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அழைத்து, அவர்களின் பல் வரிசையை அச்செடுத்து அளந்தனர்.

1981இல் வெளியான அவர்களின் ஆய்வில், ரிட்டெய்னரை நிறுத்திப் பத்தாண்டுகள் கடந்த 65 பேர் இடம்பெற்றனர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீழ் முன்பற்கள் திருப்தியற்ற அளவுக்கு நெருங்கிப் போயிருந்தன. 1988இல் வெளியான ஆய்வு 31 பேரை இருபது ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தது. ஏற்கத்தக்க வரிசை எஞ்சியிருந்தவர்கள் சுமார் பத்து விழுக்காட்டினர் மட்டுமே. யாருக்குப் பல் நகரும், யாருக்கு நகராது என்று முன்கூட்டிச் சொல்லவும் அவர்களால் இயலவில்லை. தொடக்கத்தில் இருந்த கோணலின் அளவோ, வயதோ, பாலினமோ நம்பத்தகுந்த குறியாக அமையவில்லை.

அந்த ஆய்வுகள் தொழிலின் போக்கையே மாற்றின. பற்கள் நேராக இருக்க வேண்டும் என்று விரும்பும் காலம் வரை ரிட்டெய்னரும் வேண்டும் என்பதே இன்று பெரும்பாலான நிபுணர்கள் கூறும் அறிவுரை.

வயது செய்யும் வேலை

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பற்கள் நகர்வது எப்போதும் சிகிச்சையின் தோல்வி அன்று. வாழ்நாளில் கம்பியே போடாதவர்களுக்கும், இருபது வயதுக்குப் பின் கீழ் முன்பற்கள் மெல்ல மெல்ல நெருங்குகின்றன. கீழ்ப் பல் வரிசையின் நீளம் வயதோடு சிறிது சிறிதாகக் குறைவது இயற்கை. உங்கள் திருமணப் புகைப்படத்தையும் அண்மைப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உங்களுக்கே இது விளங்கக்கூடும். முகத்தில் சுருக்கம் விழுவதைப் போன்றதே இதுவும். ரிட்டெய்னர் சிகிச்சையின் பலனைக் காப்பதோடு, வயது செய்யும் இந்த மாற்றத்தையும் தடுத்து நிறுத்துகிறது.

ஞானப்பல் முளைத்துத்தான் முன்பற்களை நெருக்கித் தள்ளுகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆய்வுகள் இதற்குத் துணை நிற்கவில்லை. பிரிட்டனில் நடந்து 1998இல் வெளியான ஒரு சோதனையில், ஞானப்பற்களைப் பிடுங்கியவர்களுக்கும் பிடுங்காதவர்களுக்கும் முன்பல் நெருக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஞானப்பல்லில் வலியோ, சீழோ, சொத்தையோ இருந்தால் அதைப் பிடுங்குவதற்குக் காரணம் உண்டு. முன்பற்களை நேராக வைத்திருப்பதற்காக மட்டும் அதைப் பிடுங்கத் தேவையில்லை.

மூன்று வகைக் கட்டைகள்

கல்பாத்தித் தேரைப் பார்த்தவர்கள் அறிவர். மக்கள் வடம் பிடித்து முன்னே இழுக்க, யானை பின்னிருந்து நெற்றியால் தள்ள, தேர் அசைந்து அசைந்து வரும். கூட்டத்தின் கண் வடத்தின் மீதும் யானையின் மீதும் இருக்கும். ஆனால் சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு நடப்பவர் இல்லாவிட்டால் தேர் நினைத்த இடத்தில் திரும்பாது. நில் என்றால் நிற்காது. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை. தேரோட்டத்தில் அதுவே பாதுகாப்பு. பல் கம்பி வடம் என்றால், ரிட்டெய்னர்தான் முட்டுக்கட்டை.

இன்று புழக்கத்தில் உள்ள ரிட்டெய்னர்கள் மூன்று வகைப்படும்.

முதல் வகை, அக்ரிலிக் தகடும் முன்பற்களுக்கு வெளியே ஓடும் கம்பியும் கொண்டது. இதை அமெரிக்கரான சார்லஸ் ஹாலி 1919இல் வெளியிட்டார். அவர் பெயராலேயே ஹாலி ரிட்டெய்னர் என்று வழங்குகிறது. உறுதியானது, பல ஆண்டுகள் உழைக்கும், தேவைப்பட்டால் கம்பியைச் சற்று முடுக்கவும் முடியும். வெளியே தெரிவதும், தொடக்கத்தில் பேச்சு சற்றுக் குழறுவதும் இதன் குறைகள்.

இரண்டாம் வகை, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை. பல் வரிசையின் அச்சின் மீது சூடாக்கிய பிளாஸ்டிக் தாளைப் படியவைத்து இதைச் செய்வர். அமெரிக்கப் பல் மருத்துவர் ஜான் ஷெரிடன் 1993இல் இதன் மெல்லிய வடிவத்தை அறிமுகப்படுத்திய பின் இது உலகெங்கும் பரவியது. அணிந்திருப்பது வெளியே தெரியாது. பேச்சும் விரைவில் பழகிவிடும். ஆயினும் தேய்வதும் விரிசல் விடுவதும் இதற்கு விரைவில் நேரும். அவ்வப்போது புதிதாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கும். இரவில் பல்லைக் கடிப்பவர்களிடம் இன்னும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

மூன்றாம் வகை, முன்பற்களின் உட்பக்கத்தில், ஒரு கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல் வரை ஒட்டப்படும் மெல்லிய கம்பி. கழற்றி மாட்டும் தொல்லை இல்லை, மறதிக்கும் இடமில்லை. கீழ் முன்பற்களுக்கும், இடைவெளி மூடப்பட்ட மேல் முன்பற்களுக்கும் இது மிகவும் ஏற்றது. ஆனால் இதை நம்பி அசட்டையாக இருத்தல் கூடாது. ஒரு பல்லில் மட்டும் பசை விட்டுப்போனால், அணிந்திருப்பவருக்கே தெரியாமல் அந்தப் பல் நகரத் தொடங்கும். அரிதாக, வளைந்துபோன கம்பியே பல்லைத் தவறான பக்கம் தள்ளிவிடுவதும் உண்டு. கம்பியைச் சுற்றிக் காரை படியும் என்பதால், பல் இடைத் தூரிகையால் நாள்தோறும் தூய்மை செய்வதும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் காட்டுவதும் தேவை.

இம்மூன்றில் எது சிறந்தது? எல்லோருக்கும் பொருந்தும் ஒன்றை இதுவரை ஆய்வுகள் அடையாளம் காட்டவில்லை. பல்லின் பழைய நிலை, ஈறுகளின் நலம், அணிபவரின் இயல்பு ஆகியவற்றைக் கொண்டே மருத்துவர் முடிவு செய்வார். மறதிக்காரப் பிள்ளைக்கு ஒட்டுக் கம்பியும், காப்புக்காக இரவில் பிளாஸ்டிக் உறையும் சேர்த்துத் தருவதும் உண்டு.

எவ்வளவு நேரம்? எத்தனை காலம்?

பல மருத்துவர்கள் முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள், சாப்பிடும் நேரமும் பல் துலக்கும் நேரமும் தவிர நாள் முழுவதும் அணியச் சொல்வர். பின்னர் இரவில் மட்டும் போதும் என்பர். தொடக்கத்திலிருந்தே இரவில் மட்டும் அணிந்தாலும் போதுமானது என்று காட்டிய ஆய்வுகளும் உள்ளன. ஆகவே மருத்துவருக்கு மருத்துவர் அறிவுரை வேறுபடலாம். உங்கள் பல்லை அறிந்த மருத்துவர் சொன்ன கணக்கே உங்களுக்குரியது.

முதல் ஓராண்டுக்குப் பின் என்ன செய்வது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். இரவில் அணிவதைப் பழக்கமாக்கிக்கொண்டவர்கள் அதை நிறுத்த வேண்டியதில்லை. நிலையாக இருந்தால், வாரத்தில் சில இரவுகள் என்று மருத்துவர் குறைக்கக்கூடும். ஒன்றை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். இரவில் அணியும்போது ரிட்டெய்னர் இறுக்கமாகத் தோன்றினால், பகலில் பற்கள் சற்று நகர்ந்திருக்கின்றன என்று பொருள். அந்த இறுக்கம், அணியும் இரவுகளைக் குறைக்கக் கூடாது என்பதற்கான எச்சரிக்கை.

இலையோடு போகும் ரிட்டெய்னர்

ரிட்டெய்னர்கள் பெரும்பாலும் பல்லில் தேய்ந்து அழிவதில்லை, கவனக்குறைவால் தொலைகின்றன. கல்யாணப் பந்தியில் அமர்ந்து, ரிட்டெய்னரைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி இலை ஓரத்தில் வைத்துவிட்டு, பாயசம் குடித்த மகிழ்ச்சியில் இலையை மடித்து எழுந்து போகும் பிள்ளைகள் எத்தனையோ பேர். வாயில் இல்லாத நேரமெல்லாம் அதற்குரிய பெட்டியில் இருக்க வேண்டும் என்பதே முதல் விதி. பெட்டியின் மேல் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி ஒட்டுவது நல்லது.

தூய்மை செய்வதற்குக் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரும் மென்மையான பல் தூரிகையும் போதும். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் உறை வளைந்து பயனற்றுப்போகும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்கக் கூடாது. பற்பசையில் உள்ள தேய்க்கும் பொருள் பிளாஸ்டிக் உறையைக் கீறிவிடுமாதலால், அதற்கு மென்மையான சோப்பு நீரைப் பயன்படுத்தலாம்.

ரிட்டெய்னரை அணிந்துகொண்டு தண்ணீர் தவிர வேறெதையும் பருகக் கூடாது. சூடான காபி உறையின் வடிவத்தைக் கெடுக்கும், கறையும் படியும். சர்க்கரை கலந்த பானங்கள் உறைக்கும் பல்லுக்கும் இடையே தேங்கிச் சொத்தைக்கு வழிவகுக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஊர் மாறும் நாள் கவனத்துக்குரியது. விடுதிக்குப் போகும் பிள்ளையின் பெட்டியில் ஊறுகாயும் அப்பளமும் வைக்க மறக்காத நாம், ரிட்டெய்னரை மறந்துவிடுகிறோம். பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகும் பருவமும், திருமணமாகி இடம் பெயரும் காலமும் இப்பழக்கம் எளிதில் அறுபடும் காலங்கள்.

பற்கள் நகர்ந்துவிட்டால்

நகர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் செய்ய வேண்டியவை சில. செய்யக் கூடாதவை சில.

சில நாட்கள் மட்டும் அணிய மறந்து, பழைய ரிட்டெய்னர் சற்று இறுக்கமாக ஆனால் முழுமையாகப் பொருந்தினால், சில நாட்கள் கூடுதல் நேரம் அணிந்து வர, பெரும்பாலும் சரியாகிவிடும். முழுமையாகப் பொருந்தாவிட்டால் வலிந்து அழுத்திப் போடக் கூடாது. பல்லுக்கும் ஈற்றுக்கும் தீங்கு நேரும், கருவியும் உடையும். அந்நிலையில் தாமதிக்காமல் நிபுணரைப் பார்க்க வேண்டும். தொலைந்துபோனாலோ உடைந்துபோனாலோ இதுவே விதி. புதியதைச் செய்துகொள்ள வேண்டியது சில நாட்களுக்குள். அடுத்த விடுமுறைக்குள் அன்று.

நிபுணரிடம் சென்றால் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மாற்றம் சிறியதாயின், இப்போது உள்ள நிலையிலேயே புதிய ரிட்டெய்னர் செய்து, மேலும் நகராமல் நிறுத்திவைத்தல். மற்றொன்று, பகுதிக் கம்பியாலோ பிளாஸ்டிக் அலைனர்களாலோ சில மாதங்களில் மீண்டும் நேராக்கி, அதன்பின் தக்கவைத்தல். எந்த வழியாயினும் தக்கவைத்தலில்தான் போய் முடியும். அதற்கு ஒப்பாதவர் இரண்டாம் முறை செலவு செய்வதில் பயனில்லை.

இணையத்தில் வாங்கிய ரப்பர் வளையங்களைக் கொண்டு தாமே இடைவெளியை மூட முயல்வது பேராபத்து. வளையம் ஈற்றுக்குள் நழுவி, வேரைச் சுற்றியுள்ள எலும்பை அழித்து, நல்ல பல்லையே இழக்க நேரிடும்.

திடீரென ஒரு பல் மட்டும் விலகி, ஈற்றில் இரத்தமோ வீக்கமோ, பல்லில் ஆட்டமோ இருந்தால் முதலில் ஈறு நோயைக் கவனிக்க வேண்டும்.

கணக்கில் சேர மறக்கும் செலவு

பல் கம்பிச் சிகிச்சையின் கட்டணம் ஊருக்கும் கம்பியின் வகைக்கும் தக்கவாறு சில பத்தாயிரங்களிலிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் ஆகிறது. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறிய தொகையன்று. ஆகவே தொடங்கும் முன்பே சில கேள்விகளைக் கேட்டு, விடைகளை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

சொல்லும் கட்டணத்தில் ரிட்டெய்னரும் அடங்குமா? தொலைந்தாலோ உடைந்தாலோ புதியதற்கு எவ்வளவு? கம்பி கழற்றிய பின் எத்தனை முறை பார்வைக்கு வர வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? பிள்ளை வேறு ஊருக்குப் போனால் சிகிச்சைக் குறிப்புகளும் பல் அச்சின் கோப்பும் கிடைக்குமா? சிகிச்சை செய்பவர், பல் மருத்துவப் பட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டுகள் பல் சீரமைப்பில் முதுநிலைப் படிப்பு முடித்தவரா என்றும் கேட்கலாம். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

செலவைத் தாங்க இயலாதவர்கள் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். கேரளத்தில் திருவனந்தபுரம், கோழிக்கோடு, கோட்டயம் ஆகிய இடங்களிலும், தமிழ்நாட்டில் சென்னையிலும் அத்தகைய கல்லூரிகள் உண்டு. காத்திருப்பு நீளலாம், கட்டணம் குறைவு.

கம்பி கழற்றிய பின்னும் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் போட்டு வருவது பயன் தரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேவைப்படும் புதிய ரிட்டெய்னருக்கு அது துணை நிற்கும். புதிய ரிட்டெய்னரின் செலவு, இரண்டாம் முறை சிகிச்சை செய்யும் செலவில் ஒரு சிறு பகுதியே. சேமிப்பில் பெரிய தொகையை ஒருமுறை போடுவதைவிட, சிறு தொகையை விடாமல் போடுவதே பெரும்பாலோரைக் காக்கிறது என்பதை வங்கி வாடிக்கையாளர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவுதோறும் அணியும் ரிட்டெய்னரின் கணக்கும் அதுவே.

திண்ணைப் படம்

என் தங்கை மகளின் கதையை முடிக்க வேண்டும். தேர் முடிந்த வாரத்திலேயே அவளைக் கோயம்புத்தூர் நிபுணரிடம் அழைத்துச் சென்றோம். பழைய ரிட்டெய்னர் பொருந்தவில்லை. கீழ் முன்பற்கள் இரண்டு சற்றே ஒன்றன்மீது ஒன்று ஏறியிருந்தன. மேல் வரிசை ஏறத்தாழ அப்படியே இருந்தது. "அத்தனையும் வீணா?" என்ற கேள்வியைத் தங்கை அங்கேயும் கேட்டாள். மருத்துவர் பழைய அச்சையும் புதிய அச்சையும் மேசையில் அருகருகே வைத்தார். பன்னிரண்டு வயதில் இருந்த கோணலுக்கும் இப்போது உள்ளதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அவளையே பார்க்கச் சொன்னார். தங்கை நெடுநேரம் பார்த்தாள். பின்னர் கேள்வி கேட்கவில்லை.

இரண்டு வழிகளையும் விளக்கி, முடிவைப் பெண்ணிடமே விட்டார் மருத்துவர். "இவ்வளவு கோணல் இருந்துட்டுப் போகட்டும். இதுக்கு மேல போகாம நிறுத்திக் கொடுங்கோ" என்றாள் அவள். கீழ்ப் பற்களின் உட்பக்கத்தில் மெல்லிய கம்பி ஒட்டப்பட்டது. மேல் வரிசைக்கு இரவில் அணிய உறை ஒன்று செய்து தரப்பட்டது.

இந்த ஆண்டும் முதல் தேரன்று காலை திண்ணையில் அமர்ந்தோம். தெருவில் தேருக்கு வடம் பூட்டிக்கொண்டிருந்தனர். படம் எடுக்கும் நேரத்தில் அவள் வாய் திறந்து சிரித்தாள். கூர்ந்து பார்த்தால் அந்த இரண்டு பற்களும் தெரியும். விடுமுறை முடிந்து அவள் சென்னைக்குப் புறப்பட்டபோது, துணிகளுக்கு மேலே ஒரு சிறு நீலப் பெட்டி இருந்தது. ஊறுகாய்ப் புட்டியை அதற்குப் பிறகுதான் வைத்தாள் என் தங்கை.